அந்தரத்தில் நிற்கும் அச்சு

புதுச்சேரியில் மட்பாண்டம் செய்யப் பழகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எக்ஸ்ட்ரூடரில் பட்டையும் கோலும் வருவது புரிகிறது. உள்ளே ஓட்டையுள்ள குழாய் எப்படி வருகிறது? ஓட்டையை உண்டாக்கும் கட்டை நடுவில் அந்தரத்தில் நிற்க முடியாதே? அப்படி ஒரு டையை நானே செய்துகொள்ளலாமா?"

செய்துகொள்ளலாம். ஆனால் அந்தக் கட்டை எப்படி நிற்கிறது என்று தெரியாமல் செய்தால், காயும்போதே குழாய் நெடுக்காகப் பிளக்கும்.

எக்ஸ்ட்ரூடர் என்பது பெரிய முறுக்கு உரல்தான். சுவரில் மாட்டிய குழல், மண்ணை அழுத்த நீளமான நெம்புகோல், அடியில் ஓட்டை போட்ட தகடு. அந்தத் தகடுதான் டை. ஓட்டை எந்த வடிவமோ, மண் அந்த வடிவத்தில் இறங்கும்.

களிமண் தண்ணீரைப் போல ஓடுவதில்லை. அழுத்தம் ஒரு அளவைத் தொடும்வரை திடப்பொருள், தாண்டினால் ஓட்டம், அழுத்தம் நின்றால் மறுபடி திடம். இப்படி நடந்துகொள்ளும் பொருட்களுக்கு யூஜின் பிங்காம் என்ற அமெரிக்க வேதியியலாளரின் பெயரை வைத்திருக்கிறார்கள். டையை விட்டு வெளியே வந்ததும் வடிவம் கலையாமல் நிற்பது இந்தக் குணத்தால்தான். சதுர ஓட்டையின் மூலைகளில் ரம்பப் பல் போலப் பிசிறு வருவதும் இதனால்தான். மூலையில் இரண்டு சுவர்கள் மண்ணைப் பிடித்து இழுக்கின்றன, நடுப்பகுதி முந்திப் போகிறது, விளிம்பு கிழிகிறது. மூலையைத் துளி வளைத்துவிட்டு, மண் நுழையும் பக்கத்து விளிம்பை அரத்தால் சரித்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரி, குழாய்க்கு வருவோம். நடுக்கட்டை அந்தரத்தில் நிற்கவில்லை. டைக்குப் பின்னால், குழலுக்குள், குறுக்கே ஒரு பாலம் இருக்கும். வளைந்த இரும்புக் கம்பியோ, இரண்டு மூன்று கால் உள்ள சட்டமோ எதுவானாலும் சரி, கட்டை அதில்தான் தொங்கும். இறங்கி வரும் மண் முதலில் அந்தக் கால்களில் மோதி இரண்டாகவோ மூன்றாகவோ பிளக்கிறது. கால்களைத் தாண்டியதும் துண்டுகள் மறுபடி ஒன்றையொன்று நெருக்கி ஒட்டிக்கொண்டு, கட்டையைச் சுற்றி வளையமாக வெளியேறுகின்றன. நாம் பார்க்கும் முழுக் குழாய், உள்ளே ஒருமுறை வெட்டுப்பட்டு ஒட்டிய குழாய்.

எப்படி ஒட்டுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. களிமண் துகள்கள் உருண்டை அல்ல, தட்டையானவை. கயோலினைட் என்ற களிமண் கனிமத்தின் துகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் ஆறு பக்கம் உள்ள மெல்லிய தகடு தெரியும், அகலம் ஏறத்தாழ ஒரு மைக்ரான். பிசைந்த மண்ணில் இவை திசைக்கொன்றாகக் கிடக்கும். ஆனால் ஏதாவது ஒரு பரப்பில் உரசிக்கொண்டு நகரும்போது, அந்தப் பரப்புக்கு இணையாகப் படுத்துவிடும். பாலத்தின் காலை உரசிப் போகும் மண்ணின் இரு பக்கமும் இப்படிப் படுத்த தகடுகளின் தோல் உருவாகிறது. கால் முடிந்ததும் இரண்டு தோல்களும் முகத்தோடு முகம் ஒட்டுகின்றன. ஒரு பக்கத்துத் தகடு மறுபக்கத்துக்குள் நுழைந்து பின்னிக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு, காயும்போது தகடுகள் படுத்திருக்கும் திசையைவிட அதற்குச் செங்குத்தான திசையில் மண் அதிகம் சுருங்கும், ஏனென்றால் தண்ணீர்ப் படலங்கள் அடுக்குக்கு அடுக்கு இடையில்தான் இருக்கின்றன. ஆக, பலவீனமான தையல், அதன் குறுக்கே இழுவை. விரிசல் வேறு எங்கே போகும்?

சூளைக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விரிசலுக்குக் கண் திருஷ்டியைக் காரணம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு கால் பாலம் வைத்தால் இரண்டு கோட்டில் விரியும், மூன்று கால் வைத்தால் மூன்று கோட்டில். திருஷ்டிக்கு எண்ணத் தெரியாது.

மருந்தும் இந்தக் காரணத்துக்குள்ளேயே இருக்கிறது. கால்கள் மெலிந்திருக்க வேண்டும், மண் விலகிப் போகும் பக்கம் கத்தி முனை போல ஒடுங்க வேண்டும். பாலம் டையை ஒட்டி இருக்கக் கூடாது, பின்னால் தள்ளி இருக்க வேண்டும். இடையில் உள்ள வழி குறுகிக்கொண்டே வந்தால் இன்னும் நல்லது, நெருக்கத்தில் தையல் இறுகும். மண் கொஞ்சம் இளக்கமாக, காற்று நீக்கியதாக இருக்கட்டும். வழுக்குவதற்கு எண்ணெய் தடவுகிறவர்கள் டைத் தகட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாலத்தில் தடவினால் அந்த எண்ணெய் நேராகத் தையலுக்குள் போய் உட்காரும். முதல் குழாயில் ஒரு வளையம் அறுத்து மெதுவாக நசுக்கிப் பாருங்கள். பாலத்தின் கால் இருந்த கோட்டில் வாய் பிளந்தால், டையை இன்னும் திருத்த வேண்டியிருக்கிறது.

இதே தகடு படுக்கும் குணத்தைக் கொண்டாடிய இடமும் உண்டு. கார்களின் புகைக் குழாயில், புகையின் நச்சைக் குறைக்க வைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி இருக்கும், சதுர அங்குலத்துக்கு 400 அறைகள் என்பது சாதாரணம். அமெரிக்காவில் 1970இல் காற்று மாசுச் சட்டம் கடுமையானபோது, கார்னிங் நிறுவனத்தில் ராட்னி பேக்லி அதற்கான டையை உருவாக்கினார். நூற்றுக்கணக்கான நடுக்கட்டைகளுக்குப் பாலம் கட்ட முடியுமா? அவர் கட்டவில்லை. ஒரே இரும்புக் கட்டியில் பின்பக்கமிருந்து பாதி ஆழத்துக்கு வட்டத் துளைகள், முன்பக்கமிருந்து கட்டம் கட்டமாக மெல்லிய பிளவுகள். மண் துளை வழியாகத் தனித்தனிக் கோலாக வந்து, பிளவுக்குள் பக்கவாட்டில் பரவி, பக்கத்துக் கோலோடு ஒட்டி, முழு வலையாக வெளியேறும். அங்கேயே இர்வின் லாக்மனும் ரொனால்ட் லூயிஸும் இன்னொன்றைக் கண்டார்கள். பிளவுக்குள் களிமண் தகடுகள் ஒரே வாக்கில் படுப்பதால், சுட்டபின் உருவாகும் கார்டியரைட் என்ற கனிமத்தின் படிகங்களும் வரிசையாக அமைந்து, சூட்டில் கட்டி மிகக் குறைவாகவே விரிகிறது. அனல் புகை பாய்ந்தாலும் வெடிப்பதில்லை.

சட்டம் கெடு வைத்ததால் மண் ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் மண் என்றால் கைவினைத் துறைக் கோப்போடு விஷயம் முடிந்துவிடுகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் இத்தனை காலமாக இருக்கிறது, அங்கே ஒரு நல்ல ஆய்வகத்துக்குச் செலவழித்தால் வீண் என்று நான் நினைக்கவில்லை.

டை எங்கே கிடைக்கும் என்றால், பெயர்ப்பலகை செய்யும் லேசர் கட்டிங் கடையில் அக்ரிலிக் தகட்டை வேண்டிய வடிவத்தில் வெட்டித் தருவார்கள். மெல்லிய தகடு வேண்டாம். 10 சென்டிமீட்டர் விட்டக் குழலில் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தம் என்று வைத்தாலும், தகட்டின் மேல் 235 கிலோ உட்காரும். குழாய் டைக்கு லேத் பட்டறையில் அலுமினியம்தான் நல்லது, பாலத்தையும் அங்கேயே திருகிக்கொள்ளலாம். வரைபடத்தில் சுருக்கத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். உங்கள் மண் காய்ந்து சுட்டு 12 சதவீதம் சுருங்குமென்றால், 30 மில்லிமீட்டர் குழாய் வேண்டுமானால் 30ஐ 0.88ஆல் வகுத்து, ஓட்டையை 34 மில்லிமீட்டராகப் போடச் சொல்லுங்கள். நடுக்கட்டைக்கும் அதே கணக்குதான்.