கடம்பாறையில் தண்ணீர் ஏன் மேலே ஏறுகிறது?

ஆனைமலையில் கடம்பாறை அணைக்கும் அதற்குக் கீழே உள்ள மேல் ஆழியார் அணைக்கும் நடுவே, மலையைக் குடைந்து ஒரு மின்நிலையம் கட்டியிருக்கிறார்கள். 1980-களின் கடைசியில் ஓடத் தொடங்கியது. 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள். மேலிருந்து தண்ணீர் இறங்கினால் மின்சாரம் கிடைக்கும். அது எந்த அணையிலும் நடப்பதுதான். இங்கே அதே இயந்திரம் எதிர்த்திசையிலும் சுழலும். அப்போது டர்பைன் பம்பாகவும் ஜெனரேட்டர் மோட்டாராகவும் மாறி, கீழே உள்ள தண்ணீரை மேலே ஏற்றிவிடும்.

யூனிட் கணக்குப் பார்த்தால் இது நஷ்டம். நான்கு யூனிட் செலவழித்து ஏற்றிய தண்ணீர், இறங்கும்போது ஏறக்குறைய மூன்று யூனிட்தான் தரும். அப்புறம் எதற்கு? நண்பகலில் சூரிய மின்சாரம் கொட்டும்போது ஒரு யூனிட்டுக்கு இருக்கும் மதிப்பு வேறு, மாலை ஏழு மணிக்கு வேறு. சூரியன் மறைகிற நேரத்தில்தான் வீடுகளில் விளக்கெரிகிறது. சூரிய மின்சாரத்தின் அந்த இறக்கத்தை ஈடுகட்ட அனல் மின்நிலையத்தால் சட்டென்று எழ முடியாது. அணைத்துவிட்டால் மறுபடி கொதிகலனைச் சூடேற்றவே மணிக்கணக்கில் ஆகும். புனல் மின்நிலையம் சில நிமிடங்களில் முழு வேகத்துக்கு வந்துவிடும்.

ஆனால் தேக்கி வைக்கத் தண்ணீர் நிறைய வேண்டும். மொட்டைமாடித் தொட்டி ஒன்றின் ஆயிரம் லிட்டர், சுமார் 370 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், இழப்பே இல்லையென்று வைத்தாலும், ஒரே ஒரு யூனிட்தான். அந்த உயரத்தில் 400 மெகாவாட்டை ஒரு மணி நேரம் ஓட்ட 4 லட்சம் தொட்டித் தண்ணீர் தேவை.

கடம்பாறையைத் திட்டமிட்ட காலத்தில் நள்ளிரவில் மிஞ்சும் அனல் மின்சாரத்தால் நீரேற்றுவதுதான் கணக்கு. இப்போது மார்ச் மாத நண்பகலும் அதற்குத் தோதான நேரம். ஆடிக் காற்று அடித்துக் காற்றாலை மின்சாரம் மிஞ்சும்போது நள்ளிரவும்தான்.

தமிழ்நாட்டின் உண்மையான சிக்கல் நாளில் இல்லை, பருவத்தில் இருக்கிறது. மாநிலத்தில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல்; புனல் மின்நிலையங்களின் திறன் சுமார் 2,300-தான். பாலக்காடு, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் காற்றைத் தள்ளிவரும் அதே தென்மேற்குப் பருவமழைதான் மேற்கு மலை அணைகளையும் நிரப்புகிறது. இரண்டு வரவும் ஒரே நேரத்தில். ஆகவே காற்று வீசும்போது தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, காற்று ஓய்ந்தபின் செலவழிப்பதே புத்திசாலித்தனம். அதையும் அளவாகச் செய்ய வேண்டும். அணையை முன்கூட்டியே நிரப்பிவிட்டால் அடுத்த மழை மதகு வழியாக வீணே போகும்.

எல்லா அணையும் மின்வாரியத்தின் பேச்சைக் கேட்காது என்பது வேறு. மேட்டூரில் டர்பைன் எப்போது சுழல வேண்டும் என்பதை டெல்டா வயல்கள்தான் தீர்மானிக்கின்றன. பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மின்தேவை எகிறுவதோ கோடையில்: 2024 மே 2-ல் அது 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதங்களில் மேட்டூரை நம்பித் திட்டம் போட முடியாது.

நீலகிரியில் போர்த்திமந்து அணையை மேலாகவும் அவலாஞ்சி–எமரால்டு அணைகளைக் கீழாகவும் வைத்து 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டத்தை வகுத்ததற்கு ஒரு நல்ல காரணம், அணைகள் ஏற்கெனவே இருப்பது. புதிதாகக் காட்டை மூழ்கடிக்கத் தேவையில்லை. ஆனாலும் நீரேற்று நிலையம் சில மணி நேரத்துக்கான சேமிப்புதான். ஜூலைக் காற்றை ஏப்ரல் வரை வைத்திருக்க அதால் ஆகாது; அந்த வேலையைச் செய்யக்கூடியவை, மலை மேல் உள்ள, நீரேற்று வசதி இல்லாத பழைய அணைகளே.