தாராளமா, தளர்வா?

2023 மார்ச்சில் இலங்கைக்குச் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் ஏற்பாடு கைகூடியதிலிருந்து, ‘வர்த்தகத் தாராளமயமாக்கல்’ என்னும் தொடர் செய்தி அறிக்கைகளிலும் ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்து உயர்தரப் பொருளியல் வகுப்புகளிலும் மறுபடியும் ஓயாமல் ஒலிக்கிறது. இறக்குமதித் தீர்வையைக் குறைப்பதும், கோட்டா என்னும் இறக்குமதி அளவு வரம்பையும் உரிமப்பத்திர முறையையும் நீக்குவதும், அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டை விலக்குவதுமே அது குறிக்கும் செயல்கள். இவற்றுள் எதிலும் யாரும் யாருக்கும் எதையும் தாராளமாகக் கொடுப்பதில்லை.

‘லிபரலைசேஷன்’ என்னும் மூல ஆங்கிலச் சொல்லின் வேர், ‘அடிமையல்லாத’ என்று பொருள்படும் ‘லீபர்’ என்னும் லத்தீன் சொல். அதிலிருந்து பிறந்த பெயரடை, அடிமையல்லாத குடிமகனுக்குத் தக்க குணம் என்ற வழியில், கொடைக்குணத்தையும் குறிக்கலாயிற்று. பொருளியலார் கொண்டது விடுபடுதலை. நம் மொழிபெயர்ப்பாளர் பற்றிக்கொண்டது கொடையை.

அதனோடு ‘மயம்’ வேறு சேர்ந்துகொண்டது. சோகமயம் என்றால் எங்கும் சோகம் நிறைந்திருப்பது. அப்படியானால் தாராளமயம் என்பது எங்கும் தாராளம் நிறைந்திருப்பதாகவே இருக்க வேண்டும். ஒரு கொள்கையின் விளைவு நல்லதா கெட்டதா என்று ஆராயப் புகும் மாணவருக்கு, அதன் பெயரே தீர்ப்பை எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறது. இந்தச் சொல்லின்மீது எனக்குள்ள பெரிய குறை இதுதான், தூய்மைவாதம் அன்று.

1977இல் இலங்கை தன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பின் கடைகளில் பொருள் நிறைந்தது, வரிசைகள் ஒழிந்தன, ஆகவே தாராளம் பொருந்தும் என்று வாதிடுவோர் உண்டு. கடை நிறைந்தது உண்மை. ஆனால் 1979இல் அரிசிப் பங்கீட்டின் இடத்துக்கு வந்த உணவு முத்திரையின் (உணவு வாங்க அரசு கொடுத்த சீட்டு) பெறுமதி ரூபாயில் நிலையாக இருக்க, விலைவாசி ஏற ஏற அது தேய்ந்துகொண்டே போனதும் அதே சீர்திருத்தத்தின் பகுதிதான். ரூபாயின் மதிப்பிறக்கத்தால் தேயிலைக்கு ரூபாயில் கிடைத்த மேலதிக வரவில் பெரும்பங்கை ஏற்றுமதித் தீர்வையாக அரசே எடுத்துக்கொண்டது. இறக்குமதியில் ஒரு கட்டு அவிழ்ந்தபோது ஏற்றுமதியில் இன்னொன்று இறுகியது. ‘தாராளம்’ என்று எழுதினால் இந்த இரட்டை அசைவு கண்ணுக்கே தெரியாது. 1990களின் நடுப்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்கியபோது, நுவரெலியா, வெலிமடை விவசாயிகள் மலிவான இறக்குமதியோடு போட்டியிட வேண்டியிருந்தது. அவர்களிடம் போய் இதைத் தாராளம் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

‘மயம்’ என்னும் ஒட்டு தனியார்மயம், உலகமயம் என்று பெருகி, செய்தவர் யார் என்பதையும் மறைத்துவிடுகிறது. 1992இல் அரசின் தோட்டங்களது முகாமைத்துவம் 22 கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதைக் ‘கையளிப்பு’ என்று எழுதினால் கொடுத்தவரும் பெற்றவரும் உடனே தெரிவர். ‘தனியார்மயமாதல்’ என்றால் மலையில் பனி மூடியதுபோல் அது தானாக நடந்ததாகிவிடுகிறது.

‘திறந்த பொருளாதாரம்’ என்பது தோட்டத்து முதியவருக்கும் விளங்கும் நல்ல சொல். ஆயினும் அது திறந்தபின் உள்ள நிலையைக் குறிக்குமேயன்றி, திறக்கும் செயலையோ அதன் அளவையோ குறிக்காது. ‘தாராண்மை’ என்பது லிபரலிசம் என்னும் அரசியல் தத்துவத்தைக் குறிக்கப் பயன்படுவதால் அதையும் இங்கே இழுக்க வேண்டியதில்லை.

நான் பரிந்துரைப்பது ‘வர்த்தகக் கட்டுத்தளர்வு’. கட்டுப்பாடு என்ற சொல்லில் உள்ள கட்டே இதிலும் இருப்பதால், எது தளர்ந்தது என்று கேட்க வேண்டியதில்லை. பகுதிக் கட்டுத்தளர்வு, படிப்படியான கட்டுத்தளர்வு என அளவிட்டு எழுதலாம். எதிர்ச்செயலைக் கட்டிறுக்கம் எனலாம். தாராளமயத்துக்கு எதிர்ச்சொல் வேண்டுமென்றால் கஞ்சமயம் என்றா எழுதுவது? 2020இல் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025இல் நீங்கியபோது, ‘கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது’ என்று எழுதுவதுதான் செய்தியாளருக்கு இயல்பாக வந்தது. அதே கை, பொருளியல் கட்டுரை எழுத உட்கார்ந்தவுடன் தாராளமயத்துக்குத் தாவுவது ஏனென்றுதான் விளங்கவில்லை.