ஸ்கெட்ச் – கோட்டோவியம்

'அவனுக்கு ஸ்கெட்ச் போட்டுட்டாங்க' என்றால் சென்னையில் யாரும் ஓவியத்தை நினைக்க மாட்டார்கள். ஆள் மாட்டப்போகிறான் என்று அர்த்தம். பள்ளிப் பிள்ளைக்கு ஸ்கெட்ச் என்றால் கலர் பேனா டப்பா. ஓவியருக்குத்தான் அது பென்சிலிலோ மையிலோ விறுவிறுவென இழுக்கும் படம்.

அந்த விறுவிறுப்பு சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. டச்சு மொழியின் 'ஸ்கெட்ஸ்' வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முன் இத்தாலிய 'ஸ்கிட்ஸோ'. வேர், 'அந்தக் கணத்தில் செய்தது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்.

தமிழில் கோட்டோவியம். சரி, கோடு என்றால்? கோடுதல் என்பது வளைதல், சாய்தல். துலாக்கோல் போல 'ஒருபால் கோடாமை' சான்றோர்க்கு அணி என்கிறது குறள். ஓவியருக்கோ கோடினால்தான் பிழைப்பு. உதட்டோரம் மயிரிழை இறங்கினால் முகத்தில் சலிப்பு வந்துவிடும். தோள்கோடு சற்று முன்னே சாய்ந்தால் அதே ஆளுக்குப் பத்து வயது கூடிவிடும். வண்ணம் இல்லாததால் அந்தச் சாய்வை மறைக்கவும் வழியில்லை.

இதற்கு இன்னும் பழைய பெயர் ஒன்று உண்டு: புனையா ஓவியம். சங்கப் பாட்டான நெடுநல்வாடையில், கணவன் பாசறையில் இருக்க அரண்மனையில் வாடும் அரசியை 'புனையா ஓவியம் கடுப்ப', அதாவது புனையா ஓவியம் போல, என்கிறார் நக்கீரர். வண்ணம் கொண்டு எழுதாமல் வடிவை மட்டும் கோட்டிய படம் என்று விளக்குகிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அரசி காதில் தொங்கிய நெடுங்குழையைக் கழற்றிவிட்டாள். 'பொலந்தொடி தின்ற' முன்கையில் இப்போது சங்கு வளையும் காப்பு நூலும்தான். தின்ற என்பது பொன்வளை அழுத்திய தழும்பு. வளை கையிலேயே இருந்திருந்தால் தழும்பு யார் கண்ணில் பட்டிருக்கும்? எனக்கு அந்த ஒரு சொல்லே கோட்டோவியம்தான். மணிமேகலையிலும் 'புனையா ஓவியம்' என்ற தொடர் வருகிறது.

ஒருவரின் முகத்தைக் கோடுகளால் வரைந்தால் கோட்டோவியம் என்றே எழுதலாம். கட்டடத்துக்கோ திட்டத்துக்கோ போடும் முதல் படத்துக்கு வரைவுப்படம் போதும். எழுத்தில் ஒருவரைத் தீட்டிக் காட்டும் 'கேரக்டர் ஸ்கெட்ச்'சுக்குக் குணச்சித்திரம் பொருந்தும். குணச்சித்திர நடிகர் என்று சினிமாக்காரர்கள் அதை ஏற்கெனவே பழக்கிவிட்டார்கள். புனையா ஓவியம் கண்காட்சி அழைப்பிதழுக்கு அழகு, பேச்சில் சொன்னால் முழிப்பார்கள். கலர் பேனா டப்பாவை மட்டும் ஸ்கெட்ச் என்றே விட்டுவிடலாம்.