ஸ்கேன் செய்வதற்கு முன் அளந்து எழுதுங்கள்

குடும்பப் படங்களையும் ஸ்டூடியோ நெகட்டிவ்களையும் ஸ்கேன் செய்து சேமிக்கும் ஆர்வம் இப்போது பெருகியிருக்கிறது. பெரிய சந்தோஷம். ஆனால் எங்களிடம் வரும் கோப்புகளின் மெட்டாடேட்டாவை, அதாவது படத்தோடு சேர்த்து எழுதும் விவரக் குறிப்பைத் திறந்தால், 'வடிவம்' என்ற இடத்தில் பெரும்பாலும் 'டிஃப்' அல்லது 'ஜேபெக்' என்று மட்டும் இருக்கிறது. அது கணினிக் கோப்பைப் பற்றிய தகவல். கையில் இருந்தது காகித அச்சா, கண்ணாடி நெகட்டிவா, பிலிமா? அதற்குத் தனிக் கட்டம் வேண்டும்.

1858-ல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை வரிசையாகப் படமெடுத்தார். 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இதைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து, நீளத்தையும் ஒட்டிய வரிசையையும் எழுதாமல் விட்டால் 21 தனிப்படங்கள்தான் மிஞ்சும். அவர் செய்த வேலையே மறைந்துவிடும்.

படத்தை அச்சிட்ட செய்முறை தெரிந்தால் காலமும் ஓரளவு பிடிபடும். முட்டை வெண்கருவைப் பூசிச் செய்யும் அல்புமன் அச்சு 1850-ல் வந்தது. 1890-களில் ஜெலட்டின் அச்சு அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. உருப்பெருக்கியில் பார்த்தால் அல்புமனில் காகித நார் தெரியும், ஜெலட்டினில் பெரும்பாலும் தெரியாது. சாதாரண ஸ்கேனில் இதைத் தேடிப் பயனில்லை.

அச்சின் அளவு, அது ஒட்டப்பட்ட அட்டையின் அளவு இரண்டையும் மில்லிமீட்டரில், உயரம் முதலில் வைத்து எழுதுங்கள். அப்புறம் பின்பக்கம். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். அதையும் ஸ்கேன் செய்யுங்கள்.

பிலிம் விஷயத்தில், அது எந்த வகை என்று எழுதிவைப்பது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. 1950-களின் தொடக்கம் வரை தயாரிக்கப்பட்ட நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பற்றும், தண்ணீருக்கு அடியிலும் எரியும். வினிகர் வாடை வீசினால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்பதைத் திறக்காமலே பட்டியல் சொல்ல வேண்டும்.

என்ன செய்முறை என்று தெரியவில்லையா? சரி, 'உறுதியில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்து 'அல்புமன்' என்று போட்டால், அடுத்து வரும் பட்டியல்கள் அதை அப்படியே நகலெடுக்கும்.

பல படங்கள் ஸ்கேன் முடிந்ததும் வீட்டாரிடமே திரும்பிவிடுகின்றன. அதனால் அளவுகோலும் உருப்பெருக்கியும் ஸ்கேனர் மேசையிலேயே இருக்கட்டும்.