கைஜூ: ஒரு சொல்லும் மூன்று காட்ஸில்லா படங்களும்

கைஜூ (பெயர்ச்சொல், ஜப்பானியம்). ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம். கடைசி எழுத்து நெடில். ‘கைஜு’ என்று குறுக்கி எழுதுவது ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து வந்த பழக்கம்.

‘கை’ என்றால் விசித்திரமானது, மனத்துக்குப் பிடிபடாதது, ஐயம் தருவது. ‘ஜூ’ என்றால் விலங்கு. இரண்டும் சீன எழுத்துகள். ‘மலைகடல் நூல்’ என்னும் பழஞ்சீன நூலிலேயே இந்தக் கூட்டுச்சொல் இருக்கிறது: இன்ன மலையில் விசித்திர விலங்குகள் மிகுதி என்று அது பட்டியல் போட்டுக்கொண்டே போகும். அதாவது, பார்த்தவர் பெயர் சொல்லத் தெரியாமல் நின்ற எந்த விலங்கும் கைஜூதான். பிரம்மாண்டம் அன்று அதற்கு ஒரு தகுதியே இல்லை. பேய்க்கதையைக் குறிக்கும் ‘கைதான்’, மாய உருக்களைக் குறிக்கும் ‘யோகாய்’ ஆகியவற்றிலும் இருப்பது இதே ‘கை’தான்.

கட்டடத்தை மிதிக்கும் அளவு பின்னால் வந்தது. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அந்த அதிர்ச்சியின் நிழலில், அதே ஆண்டு நவம்பரில் இஷிரோ ஹோண்டாவின் ‘கோஜிரா’ திரைக்கு வந்தது. காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயர் அதுதான். கொரில்லாவின் ‘கோ’, திமிங்கிலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’வின் ‘ஜிரா’, இரண்டும் ஒட்டிப் பிறந்த பெயர். உயரம் 50 மீட்டர். அதன் பிறகு கைஜூ என்றால் ஊரை அழிக்கும் பேருருவம் என்ற பொருள் நிலைத்துவிட்டது. 1966இல் ‘அல்ட்ராமேன்’ தொலைக்காட்சித் தொடர் வந்ததும் வாரத்துக்கொரு கைஜூ வீட்டுக்குள்ளேயே வந்தது.

இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு வந்த படம் ஒன்று உண்டு. 2017 நவம்பரில் ஜப்பானில் வெளியான, காட்ஸில்லா வரிசையின் முதல் முழுநீள அனிமேஷன் படம். ஜப்பானியத் தலைப்பு ‘கைஜூ வகுசெய்’. ‘வகுசெய்’ என்றால் கோள். பாலிகான் பிக்சர்ஸ் தயாரிப்பு. கோபுன் ஷிசுனோவும் ஹிரோயுகி செஷிதாவும் இயக்கினார்கள். கதை கென் உரோபுச்சி. 2018இல் இன்னும் இரண்டு பாகங்கள் வந்தன. மூன்றும் நெட்ஃபிளிக்ஸில் உலகமெங்கும் ஓடின. இவற்றில் எது தேறியது, எது சறுக்கியது என்று பார்த்தாலே ‘கை’க்கும் ‘ஜூ’வுக்கும் உள்ள உறவு துலங்கிவிடும்.

முதல் பாகத்தின் பலம் அதன் தலைப்பு சொல்வதே. கைஜூகளிடம் தோற்ற மனிதர்கள், கூட்டுச் சேர்ந்த இரண்டு வேற்றுக்கோள் இனங்களோடு கப்பலேறிப் போகிறார்கள். போன இடம் வாழ லாயக்கில்லை. கப்பலில் இருபது ஆண்டுகளைத் தொலைத்துவிட்டுத் திரும்பினால் பூமியில் இருபதாயிரம் ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. இலை கத்தியாக வெட்டுகிறது. பறக்கும் பிராணிகளில் காட்ஸில்லாவின் கூறு. காட்டில் ஒரு விலங்கு இருக்கிறது என்ற நிலை போய், விலங்கின் உடம்பே காடாகப் பரவிவிட்டது. கதாநாயகன் ஹருவோ திட்டம் போட்டு ஒரு காட்ஸில்லாவை வீழ்த்துகிறான். பார்த்தால் அது குட்டி. இருபதாயிரம் ஆண்டு வளர்ந்த பழையது மலையைப் பிளந்துகொண்டு எழுகிறது, 300 மீட்டர். அந்தக் கடைசிச் சில நிமிடங்களுக்காக மட்டுமே இந்தப் படத்தைப் பார்க்கலாம் என்பேன்.

ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் பேச்சு, பேச்சு, பேச்சு. கவச உடுப்பு போட்ட ஆட்கள் நின்றபடியே காட்ஸில்லாவின் மின்காந்தக் கேடயத்துக்கு விளக்கம் கொடுக்கிறார்கள். கணினியில் வார்த்த முகங்களில் உணர்ச்சி மரத்துக் கிடக்கிறது. செத்துப்போகிறவன் பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. கைஜூகள் உலக நகரங்களைச் சிதைத்த அத்தனை ஆண்டுகளும் சில நிமிட முன்கதையாக ஓடி முடிந்துவிடுகின்றன. அதுவே தனிப்படமாக வந்திருக்க வேண்டியது.

இரண்டாம் பாகத்தில் காட்ஸில்லாவின் இயந்திர வடிவமான மெக்காகாட்ஸில்லா வரும் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு நகரம். தானே பெருகும் உலோகம் நகரமாகப் பரந்துவிட்டதாம். யோசனை நல்லதுதான். ஆனாலும் கைகால் வைத்து எழுந்து நிற்காத ஒன்றை ‘ஜூ’ என்று எப்படிச் சொல்ல?

மூன்றாம் பாகம் மறுகோடிக்குப் போகிறது. காட்ஸில்லாவின் பழைய எதிரியான மூன்று தலை நாகம் கிதோரா, வேறொரு பரிமாணத்திலிருந்து பொன்னிறக் கழுத்துகளாக மட்டும் நீண்டு வருகிறது. அது காட்ஸில்லாவைக் கடிக்கும். காட்ஸில்லாவால் அதைத் தொட முடியாது. கருவிகள் அங்கே ஒன்றுமே இல்லை என்கின்றன. ‘கை’ முழுக்க இருக்கிறது, ‘ஜூ’ துளியும் இல்லை. அச்சம் என்ற அளவில் மூன்று படங்களிலும் சிறந்த காட்சி இதுவே. சண்டை என்ற அளவில் படுமோசம்: ஒன்று தொங்குகிறது, இன்னொன்று நிற்கிறது, நடுவே மனிதர்கள் தத்துவம் பேசுகிறார்கள்.

இனி, தமிழில் என்ன சொல்வது? விளம்பரங்களில் அடிபடும் ‘ராட்சத மிருகம்’ உருவத்தைச் சொல்கிறது, புதிரைச் சொல்லவில்லை. அரக்கன் சரிவராது, அரக்கனுக்குத் தங்கை உண்டு, வரம் உண்டு, ஆசை உண்டு. காட்ஸில்லாவுக்கு யார் மேலும் பகையில்லை, அது பாட்டுக்கு நடக்கிறது. பூதம் சிவகணமாகவும் இருக்கும், புதையலும் காக்கும். யாளி கோயில் தூணுக்குச் சொந்தம். ‘விசித்திர ஜந்து’ சொல்லுக்குச் சொல் பொருந்தினாலும், நம் வாயில் ஜந்து என்றால் கேலி வந்துவிடுகிறது. தாக்கி வருத்தும் தெய்வசக்தி என்ற பழம்பொருளில் ‘அணங்கு’ அருமையான சொல். ஆனால் இன்றைக்கு அதைப் படிப்பவர் கண்முன் அழகியொருத்தி வந்து நிற்பாள். ‘மா’வுக்கு விலங்கு என்றும் பெரியது என்றும் இரு பொருள் உண்டே என்று இரண்டையும் சேர்த்தால் ‘மாமா’ வந்துவிடுகிறார்.

நான் சொல்வது பேய்விலங்கு. பேய் என்றதும் வெள்ளைச் சேலை நினைவுக்கு வரலாம். ஆனால் முன்னொட்டாக வரும்போது அது வேறு வேலை செய்கிறது. பேய்மழை, பேய்க்காற்று: அளவு கடந்தது. பேய்க்கரும்பு, பேய்ச்சுரை: மனிதன் பயிரிடாதது, வளைத்துப் பழக்க முடியாதது. பேய்த்தேர்: பழந்தமிழில் கானல்நீர், கண்ணுக்குத் தெரியும், கைக்கு அகப்படாது. கிதோராவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஜப்பானியத்திலும் இருக்குமா என்று தெரியவில்லை. மழையை யாரும் கெட்டவன் என்று திட்டுவதில்லை, பேய்மழையாக இருந்தாலும். கோஜிராவும் அந்த இனம்தான். ‘விலங்கு’ என்ற பின்பாதி அதற்கு உடம்பு கொடுக்கிறது. இரண்டாம் மூன்றாம் பாகங்கள் கைவிட்டது அதைத்தான்.

ஆக, படத்தலைப்பு ‘பேய்விலங்குக் கோள்’ ஆகும். ஜப்பானியத்தில் ‘பெரிய’ என்னும் பொருள்தரும் ‘தாய்’ சேர்த்துத் ‘தாய்கைஜூ’ என்பதற்குத் தனிச்சொல் வேண்டாம், பேயிலேயே அளவு இருக்கிறது. மனித வடிவில் வரும் வில்லன்களை ஜப்பானியர் ‘கைஜின்’ என்று பிரித்துச் சொல்வார்கள். அங்கே ‘பேயாள்’ எனலாம். பாக்கெட்டில் அடங்கும் போக்கிமான்களுக்கு மட்டும் இந்தச் சொல்லைக் கொடுக்காதீர்கள். பிகாச்சுவைப் பேய்விலங்கு என்றால் வீட்டுப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள்.