199 என்றால் டாம் பிரேடி, 198 என்றால் யார்?

அமெரிக்கக் கால்பந்து ரசிகர் ஒருவரிடம் 199 என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். டாம் பிரேடி என்று பதில் வரும். கல்லூரி ஆட்டக்காரர்களை டீம்கள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2000ஆம் ஆண்டு அவர் 199ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அவர். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். அப்படிக் கடைசியில் வந்தவர், சாம்பியனை முடிவுசெய்யும் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஏழு தடவை ஜெயித்ததால் அந்த எண் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சரி, 198 என்று கேட்டால்? அதே ரசிகர் முழிப்பார்.

கணக்குப்படி இரண்டும் ஒரே மதிப்புள்ள க்ளூதான். வருஷத்துக்கு ஒரு 199, வருஷத்துக்கு ஒரு 198. இரண்டுமே ஆயிரக்கணக்கான பெயர்களை ஒரே அளவுக்கு வடிகட்டிவிடுகின்றன. ஆனால் ஒன்று பெயரைக் கையோடு கூட்டி வருகிறது, மற்றது வருவதில்லை. பழைய வீரர் யாரென்று கண்டுபிடிக்கச் சொல்லும் க்விஸ் விளையாட்டுகள் எல்லாமே இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஓடுகின்றன. ஒரு க்ளூ எத்தனை பேரை வெளியே தள்ளுகிறது என்பது ஒரு அளவு. அது எத்தனை சுலபமாக ஒரு பெயரை இழுத்து வருகிறது என்பது வேறொரு அளவு.

வடிகட்டும் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கக் கால்பந்தின் பெரிய லீகான என்.எஃப்.எல். 1920இல் தொடங்கியது, அதில் இன்று 32 டீம்கள். சீசன் நடக்கும்போது டீமுக்கு 53 பேர், ஆக 1,696 வீரர்கள். ஒரு நூற்றாண்டாக ஆடி ஓய்வுபெற்றவர்களையும் சேர்த்தால் 25 ஆயிரத்தைத் தாண்டும். கூட்டத்தைச் சரிபாதியாக வெட்டும் ஆமா-இல்லை கேள்வி ஒன்றின் பதிலை ஒரு பிட் தகவல் என்கிறோம். கிளாட் ஷானன் 1948இல் வெளியிட்ட தகவல் கோட்பாட்டின் அடிப்படை அலகு அது. கேள்விகளைக் கச்சிதமாகக் கேட்டால் 1,696 பேரில் ஒருவரைப் பிடிக்க 11 போதும், ஏனென்றால் இரண்டை 11 முறை பெருக்கினால் 2,048. மொத்த வரலாற்றையும் தேட 15 போதும். நான்கே கேள்வி அதிகம் என்பது நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இப்போது பிரபலமாக உள்ள விளையாட்டு வகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேர்டில் என்ற சொல் விளையாட்டு 2022 தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பரவியதும், அதே பாணியில் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கும் ஒன்று வந்தது. அதன் பெயர் வெடில். எரிக் வெடில் என்ற சேஃப்டி (பின்வரிசைத் தடுப்பாளர்) ஆட்டக்காரரின் பெயரையே வைத்துவிட்டார்கள். மனிதர் 2019 சீசனோடு ஓய்வு பெற்றவர். 2022 ஜனவரியில், வேர்டில் ஜுரம் உச்சத்தில் இருந்த அதே வாரங்களில், ராம்ஸ் டீம் கூப்பிட்டதும் பிளே-ஆஃபுக்குத் திரும்பி வந்து சூப்பர் பௌலும் ஜெயித்துவிட்டுப் போனார்.

இந்த வகை விளையாட்டில் ஏதாவது ஒரு வீரரின் பெயரைச் சொல்கிறீர்கள். விடையோடு அவருடைய டீம் பொருந்துகிறதா, பிரிவு பொருந்துகிறதா, ஆடும் இடம் ஒன்றுதானா, வயதும் உயரமும் ஜெர்சி நம்பரும் கூடவா குறைவா என்று கட்டம் கட்டமாகப் பதில் வரும். எல்லாரும் ஆவலோடு பார்ப்பது டீம் கட்டத்தைத்தான். ஆனால் முதல் ஊகத்தில் அதிலிருந்து கிடைப்பது மிகச் சொற்பம். 32இல் 31 தடவை தப்பாகத்தான் இருக்கும், தப்பென்றால் இன்னும் 31 டீம்கள் மிச்சம். சராசரியாகப் பார்த்தால் 0.2 பிட். லீகின் இரண்டு பாதிகளில் எது, ஏ.எஃப்.சி.யா என்.எஃப்.சி.யா, என்ற சாதுவான கட்டமோ சரியானாலும் தப்பானாலும் பாதிப் பேரைத் தள்ளிவிடும். அது முழுசாக ஒரு பிட், ஐந்து மடங்கு. வயது, உயரம் மாதிரி மேலே-கீழே அம்புக்குறி காட்டும் கட்டங்களும் அப்படித்தான், உங்கள் ஆள் நடுவில் இருந்தால்.

அதனால் முதல் ஊகத்துக்கு நட்சத்திர வீரர்கள் லாயக்கில்லை. 45 வயது வரை ஆடிய பிரேடியைச் சொன்னால் வயதுக் கட்டத்தில் "இதைவிடக் குறைவு" என்று வரும், அது கேட்காமலே தெரிந்த விஷயம். 27 வயது, ஆறடி ஒரு அங்குலம், ஜெர்சி நம்பர் நாற்பதுகளில் என்று எல்லாவற்றிலும் நடுவில் நிற்கும், யாருக்கும் பெயர் ஞாபகமில்லாத ஒரு ஆள்தான் வேண்டும். அப்படி ஒரு பெயர் சட்டென்று வாயில் வராது என்பதுதான் தொல்லை.

இன்னொரு நுணுக்கம், ஒரு க்ளூவின் மதிப்பு மற்ற க்ளூக்களைச் சார்ந்தது. ஜெர்சி நம்பர் இதற்கு அருமையான உதாரணம். 1973இல் என்.எஃப்.எல். ஆடும் இடத்துக்குத் தகுந்தபடி நம்பர்களைப் பிரித்துக் கொடுத்தது. குவார்ட்டர்பேக்கும் உதைப்பவர்களும் 1 முதல் 19 வரை, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கும் பின்வரிசைத் தடுப்பாளர்களும் 20 முதல் 49 வரை, முன்வரிசையில் மோதும் லைன்மேன்களுக்கு 60களும் 70களும், எறிந்த பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவருக்கும் டைட் எண்டுக்கும் 80கள் என்று. ஆகவே 1990களில் ஆடிய ஒருவரின் நம்பர் 75 என்று சொல்லிவிட்ட பிறகு "அவர் ஒரு லைன்மேன்" என்று அடுத்த க்ளூ கொடுத்தால் அது வீண். 2004இல் ரிசீவர்களுக்கு 10 முதல் 19 வரையும் திறந்துவிட்டார்கள். 2021இல் விதி நன்றாகத் தளர்ந்தது. 2023இல் பூஜ்யம்கூட வந்துவிட்டது. ஆட்டக்காரர்களுக்குச் சந்தோஷம், க்விஸ் ஆடுபவர்களுக்கு நஷ்டம். இன்றைய வீரரின் நம்பர் அவர் ஆடும் இடத்தைப் பற்றிச் சொல்வது முன்பைவிடக் குறைவு.

விதிக்கு விலக்கான நம்பர் கிடைத்தால் அதிர்ஷ்டம். 1973க்கு முன்பே ஆடிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அப்படி இரட்டைப் பூஜ்யத்தோடு தொடர்ந்தவர்கள் ரெய்டர்ஸ் டீமின் சென்டர் ஜிம் ஓட்டோவும் ஹியூஸ்டன் ஆயிலர்ஸ் டீமின் ரிசீவர் கென் பரோவும்தான். "1974, நம்பர் 00" என்றால் 15 பிட் வேலையில் 14 முடிந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் எல்லாப் பெயர்களையும் பட்டியலாகக் கையில் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்குச் சரி. மனித மூளையில் அப்படி ஒரு பட்டியல் இல்லை. ஜெர்ரி ரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ரிசீவர் என்று சொல்லும் ஆள். அவரைப் பற்றி "2004இல் சியாட்டில் சீஹாக்ஸுக்காக ஆடிய ரிசீவர்" என்று க்ளூ கொடுத்தால், கம்ப்யூட்டருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தான் மிஞ்சும். ரசிகரோ தடுமாறுவார். "ஜோ மொன்டானாவிடமும் ஸ்டீவ் யங்கிடமும் பந்து வாங்கியவர்" என்று சொன்னால் கேள்வி முடியும் முன்பே ரைஸ் என்பார். வடிகட்டும் கணக்கில் இரண்டாவது க்ளூ மோசமானது. அந்த இருவரும் குவார்ட்டர்பேக்காக இருந்த சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் டீமில் அவர்களிடம் பந்து பிடித்தவர்கள் ஏகப்பட்ட பேர், ஜான் டெய்லர் உள்பட.

உளவியலாளர்கள் எண்டெல் டல்விங், டொனால்ட் தாம்சன் இருவரும் 1973இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஒரு விஷயம் எந்தச் சூழலோடு சேர்ந்து நினைவில் பதிந்ததோ, அந்தச் சூழலின் துண்டு ஏதாவது கிடைத்தால்தான் அது எளிதாக மீளும். ரைஸ் பதிந்தது 49அர்ஸின் தங்க நிற ஹெல்மெட்டோடும் 80ஆம் நம்பரோடும். சியாட்டில் அந்தப் பதிவில் இல்லை. வேறு டீமில் பெயர் வாங்கிவிட்டுக் கடைசியில் இடம் மாறியவர்கள் இன்னும் உண்டு: டல்லஸ் நட்சத்திரம் எம்மிட் ஸ்மித் கடைசி இரண்டு சீசன்கள் அரிசோனா கார்டினல்ஸில் ஆடினார், ஜோ மொன்டானா கடைசி இரண்டை கான்சாஸ் சிட்டியில் ஆடினார், ஜானி யுனைட்டஸ் 1973இல் சான் டியாகோவில் முடித்தார். க்விஸ் தயாரிப்பவர்களுக்கு இந்தக் கடைசி டீம்கள் தங்கச் சுரங்கம். க்ளூ நூறு சதவீதம் நியாயமானது, ஆனாலும் பெயர் வராது.

அப்புறம் கூட்ட நெரிசல் பிரச்சினை ஒன்று இருக்கிறது. ஒரு க்ளூவோடு எத்தனை பெயர்கள் ஒட்டியிருக்கின்றனவோ, ஒவ்வொன்றையும் எடுக்க அத்தனை சிரமம். "டல்லஸ் கவ்பாய்ஸ் ரன்னிங் பேக்" என்றதும் எம்மிட் ஸ்மித் வந்து நின்றுகொள்வார். விடை டோனி டார்செட் என்றால், ஸ்மித் வழிவிட மாட்டார். தள்ளத் தள்ளத் திரும்பி வருவார். ஹார்வர்டில் ரோஜர் பிரவுனும் டேவிட் மக்நீலும் 1966இல் வெளியிட்ட ஆய்வு, தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்றும் வராத நிலையைப் பற்றியது. அபூர்வமான சொற்களின் பொருளை மட்டும் வாசித்துக் காட்டி, சொல் என்னவென்று கேட்டார்கள். நாக்கு நுனியில் நிற்கிறது என்று தவித்தவர்கள், சொல் வராதபோதே அதன் முதல் எழுத்தையும் எத்தனை அசை என்பதையும் குருட்டு ஊகத்தைவிட வெகு நன்றாகச் சொன்னார்கள். அதாவது பெயர் துண்டு துண்டாக வருகிறது. க்விஸ் ஆடும் பழம்பெருச்சாளிகள் ஏ, பி, சி என்று எழுத்துகளை ஓட்டிப் பார்ப்பது வெறும் மூடநம்பிக்கை இல்லை.

பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் இன்னொரு ஒழுங்கு தெரியும். தாமஸ் ஹில்ஸும் சகாக்களும் 2012இல் மிருகங்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லி ஆராய்ந்தார்கள். மனிதர்கள் ஒரு கூட்டத்தில், உதாரணமாக வீட்டு விலங்குகளில், கிடைக்கும்வரை பொறுக்குகிறார்கள். வரத்து குறைந்ததும் அடுத்த கூட்டத்துக்குத் தாவுகிறார்கள். ஒரு புதரில் பழம் குறைந்ததும் பறவை அடுத்த புதருக்குப் போகிற அதே கணக்கு. கால்பந்து ரசிகர் ஒருவரை வாய்விட்டு யோசிக்கச் சொன்னாலும் இப்படித்தான், ஒரு டீமின் ஒரு சீசனில் நின்று நாலைந்து பெயர் எடுத்துவிட்டு வேறொரு டீமுக்குப் போவார்.

இந்தத் தாவலையே சோதிக்கும் விளையாட்டு இமாகுலேட் கிரிட். 2023இல் பேஸ்பாலுக்காக வந்து, பிறகு அமெரிக்கக் கால்பந்துக்கும் பரவியது. மூன்றுக்கு மூன்று கட்டம், ஓரங்களில் பெரும்பாலும் டீம் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இரண்டு டீமுக்கும் ஆடிய ஒருவரை எழுத வேண்டும், ஒருவரை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். இங்கே வீரர்களின் மதிப்பே தலைகீழாகிறது. டான் மரினோ 17 சீசனும் மயாமியில்தான் ஆடினார், ஆகவே டீம்-டீம் கட்டங்களில் அவரால் ஒரு உபயோகமும் இல்லை. ஹார்வர்டில் படித்து வந்த ரயன் ஃபிட்ஸ்பாட்ரிக் ஒன்பது டீமுக்கு ஆடினார். ஒன்பதில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 36 ஜோடி. 32 டீமில் மொத்தம் 496 ஜோடிதான் உண்டு. தனி ஆளாக ஏழு சதவீதக் கட்டங்களுக்குப் பொருந்துகிறார். அவரை எளிதான கட்டத்தில் செலவழிக்காமல் வைத்திருப்பதுதான் சாமர்த்தியம்.

வீரர்கள் தாராளமாக டீம் மாறும் உரிமை 1993இல்தான் முழுசாக வந்தது. அந்த வருஷமே ரெஜி வைட் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கிரீன் பேவுக்குப் போனார். அதற்கு முந்தைய காலத்தின் பெரிய பெயர்கள் ஒரே டீமில் தங்கியதால் கிரிட்டில் அவ்வளவாக உதவாது. டீமே ஊர் மாறிய சிக்கலும் உண்டு. ஹியூஸ்டன் ஆயிலர்ஸ் 1997இல் டென்னசிக்குப் போய் இன்று டைட்டன்ஸ். அதனால் டென்னசிக்காக ஒருநாளும் ஆடாத, ஆயிலர்ஸின் பழைய குவார்ட்டர்பேக் வாரன் மூன் டைட்டன்ஸ் கணக்கில் வருவார். இன்றைய ஹியூஸ்டன் டெக்சன்ஸ் 2002இல் பிறந்த வேறு டீம்.

கிரிட்டில் அபூர்வ மதிப்பெண் என்று ஒன்று தருகிறார்கள். நீங்கள் எழுதிய பெயரை எத்தனை சதவீதம் பேர் எழுதினார்கள் என்று பார்த்து ஒன்பது கட்டத்தையும் கூட்டுவார்கள், குறைவாக வந்தால் நல்லது, காலிக் கட்டத்துக்கு 100. எனக்கு இந்தக் கூட்டல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 60 சதவீதப் பெயரை விட்டு 40 சதவீதப் பெயரை எழுதினால் 20 புள்ளி மிச்சம். நாலு சதவீதத்திலிருந்து ஒரு சதவீதத்துக்கு இறங்கினால் மூன்றே புள்ளி. பிட் கணக்கில் முதலாவது அரை பிட்டைவிடச் சற்று கூடுதல், இரண்டாவது முழுசாக இரண்டு பிட். அதாவது உண்மையான அபூர்வத்துக்குப் பரிசு இல்லை. ஜெயிக்க வேண்டுமென்றால், எல்லார் வாயிலும் வரும் முதல் பெயரை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்ததை எழுதிவிட்டுப் போங்கள்.

எந்த அளவு கஷ்டம் வைத்தால் ஆட்டம் ருசிக்கும்? அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2009இல் வெளியான ஒரு ஆய்வில் க்விஸ் கேள்விகள் கொடுத்து, விடை தெரியும் என்ற நம்பிக்கையையும் ஆர்வத்தையும் அளந்தார்கள். துளியும் தெரியாதபோதும் ஆர்வம் குறைவு, நிச்சயமாகத் தெரிந்தபோதும் குறைவு. நடுவில், தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் இருக்கும்போதுதான் உச்சம். அதிக ஆர்வம் காட்டிய கேள்விகளின் விடைகள்தான் பல நாள் கழித்தும் நினைவில் நன்றாக நின்றன.

இந்த நடு இடம் ஆளுக்கு ஆள் மாறும், முக்கியமாக வயதுக்கு. நம் ஊரில் கால்பந்து என்று சொல்லும் சாக்கரில் இதைச் சோதித்திருக்கிறார்கள். எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஐந்து வீரர்கள் யார் என்று ரசிகர்களைக் கேட்டதில், ரசிகருக்குச் சுமார் 17 வயதாக இருந்தபோது ஆட்ட வாழ்க்கையின் நடுவில் இருந்தவர்களே அதிகம் வந்தார்கள். அப்படியானால் 1993இல் 17 வயதான ஒருவருக்கு எம்மிட் ஸ்மித் அரை க்ளூவில் விழுவார், அவர் மகனுக்கு நாலு க்ளூ தேவைப்படும், மகனுக்குச் சட்டென்று தோன்றும் ஃபிட்ஸ்பாட்ரிக் அப்பாவுக்கு அவ்வளவு சுலபமாக வர மாட்டார். ஒரே கேள்வியை இருவருக்கும் சமமாக்க வேண்டுமென்றால், நினைவைச் சாராமல் வடிகட்டி மட்டும் விடைக்கு வரக்கூடிய க்ளூக்களைக் கொடுக்க வேண்டும்: பிரிவு, உயரம், நம்பர், மேலே, கீழே.