ஒரே கணினியில் இரண்டு ஸ்பீக்கர் செட்டுகள்: பூட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

ஹோலில் ஏற்கனவே ஒரு 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர்களும் தாழ்ந்த சத்தத்துக்கான ஒரு சப்வூஃபரும்) இருக்க, கனடாவிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வந்த உறவினர் இன்னொன்றைக் கொடுத்துவிட்டுப் போக, இரண்டையும் ஒரே கணினியில் பூட்டித் தரும்படி கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தில் பலர். சாமத்திய வீட்டன்று விறாந்தையிலும் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதே பெரும்பாலும் காரணம். இது செய்யக்கூடிய வேலைதான். ஆனால் சத்தத்தை எந்த இடத்தில் பிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

பலர் யூஎஸ்பியில் செருகும் சவுண்ட் கார்ட் ஒன்றை வாங்கி, இரண்டாவது செட்டை அதில் பூட்டுகிறார்கள். ஒவ்வொரு கார்டும் தன்னுள் இருக்கும் குவாட்ஸ் பளிங்கின் துடிப்பைக் கொண்டே சத்தத்தின் மாதிரிகளை விநாடிக்கு 48,000 என்று எண்ணுவதால், இரண்டு கார்டுகள் மிகச் சரியாக ஒத்து ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே, அதைத் திருத்திக்கொண்டு போகும் மென்பொருள் இல்லாதவிடத்து, ஒரு மணித்தியாலத்தில் இடைவெளி 180 மில்லிவிநாடியாகி, ஒரே பாட்டு இரண்டு தடவை கேட்கத் தொடங்கும். ஒரு செட்டைப் புளூடூத்தில் இணைத்தாலோ, அந்தத் தாமதம் தொடக்கத்திலேயே வந்துவிடும்.

ஆகவே நான் சொல்வது, ஒரே சவுண்ட் கார்டிலிருந்து வரும் சத்தத்தை, அம்பிளிபயருக்குப் போகும் முன்னரே பிரிப்பதுதான். கணினியின் பின்புறத்தில் பச்சைத் துளை முன் ஸ்பீக்கர்களுக்கும், கறுப்புத் துளை பின் ஸ்பீக்கர்களுக்கும், செம்மஞ்சள் துளை நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் உரியவை; ஒவ்வொன்றிலும் ஒரு வை வடிவ வயரைச் செருகி, ஒரு முனையை முதல் செட்டுக்கும் மறுமுனையை இரண்டாவது செட்டுக்கும் கொண்டுபோனால், மென்பொருள் எதுவும் தேவைப்படாது. செம்மஞ்சள் வயரில் நடுவும் சப்வூஃபரும் சில செட்டுகளில் இடம் மாறியிருக்கும். அப்போது படத்தில் பேசுபவரின் குரல் சப்வூஃபரிலிருந்து அமுங்கி வரும். சவுண்ட் கார்டின் அமைப்பில் அதை மாற்றலாம் என்றாலும், அது இரண்டு செட்டையும் சேர்த்தே மாற்றும். வை வயரைத் தலைகீழாகப் பாவித்து இரண்டு கணினிகளை ஒரு செட்டில் பூட்டுவது வேறு கதை: ஒன்றின் வெளியீடு மற்றதன் வெளியீட்டுக்குள் பாயும், ஆகவே அது வேண்டாம்.

அம்பிளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் இன்னொரு ஸ்பீக்கரை முறுக்கிவிடுவது இதைவிட மோசம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் பக்கம் பக்கமாக (சமாந்தரமாக) சேர்ந்தால் தடை 4 ஓமாகக் குறைந்துவிடும்; அதைத் தாங்கும்படி செய்யப்படாத அம்பிளிபயர் சூடேறிக் கருகும்.

மிகக் கவலைக்குரியது எர்த் விடயம். இரண்டு செட்டுகளும் வெவ்வேறு அறைகளின் பிளக் பொயின்ட்டில் இருந்தால், எர்த் வயரும் சத்த வயரும் சேர்ந்து ஒரு வளையமாகி, 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வரலாம். கணினியின் எர்த்தைக் கழற்றினால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள்; நிற்கவும் கூடும். ஆனால் அதன் பிறகு கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரல் சுரீரென்னலாம், உள்ளே காப்பு பழுதாகி மின்சாரம் பெட்டிக்கு ஏறினாலோ சத்த வயரின் உலோக வெளியுறை வழியே அது இரண்டு செட்டுகளின் உலோகப் பாகங்களுக்கும் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே பொயின்ட்டுக்குக் கொண்டுவருவதும், முடியாவிட்டால் சத்த வயரில், வயர்களை நேரடியாக இணைக்காமல் சத்தத்தை மட்டும் கடத்தும் சிறிய தனிமைப்படுத்தும் மின்மாற்றியைப் பொருத்துவதுமே முறையான வழிகள்.

எர்த் உள்ள ஜேர்மன் பிளக்கில் எர்த், பக்கங்களில் இருக்கும் உலோகத் தகடுதான். எங்கள் பொயின்ட்டின் மேல் துவாரத்தில் பேனையைக் குத்தி அதை உள்ளே தள்ளும்போது, அந்தத் தகடு எதையும் தொடுவதில்லை. பிளக்கையே மாற்ற வேண்டும். கனடாச் செட்டின் பின்புறத்தில் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், எங்கள் 230 வோல்ட்டில் நேரடியாகப் போடாமல், அதன் வொட் அளவுக்குப் போதுமான ஸ்டெப்-டவுன் மின்மாற்றியூடாகவே பூட்டுங்கள்.